மொழியின் பெயரால் ஒரு விழா: தைவானின் தங்கக் குதிரை விருதுகளும் ‘தமிழ்த் திரைப்படம்’ என்னும் வகைமையும்

ஆய்வுச் சுருக்கம்

தைவானில் நடைபெறும் தங்கக் குதிரை விருது விழா, சீனமொழித் திரைப்படங்களுக்கென அமைந்த விழாக்களுள் நெடிய வரலாறு உடையது. 1962இல் ‘நாட்டுமொழி’ப் படங்களை ஊக்குவிக்கும் அரசு விருதாகத் தோன்றிய இவ்விழா, பின்னர்ப் பல சீன மொழிகளையும் பல நாடுகளையும் உள்ளடக்கியதாக விரிந்தது. மொழியை எல்லையாகக் கொண்ட ஒரு விழா எவற்றைச் சேர்த்தது, எவற்றை விலக்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்விழாவில் சிறப்புப் பெற்ற சில படங்களே அவ்வெல்லையைக் கேள்விக்கு உள்ளாக்குகின்றன என்பது இதன் கருதுகோள். இதனடிப்படையில், தமிழ்த் திரைப்பட ஆய்வில் ‘தமிழ்’ என்னும் அடைமொழி எவ்வாறு கையாளப்படுகிறது என்பதும் மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சீனமொழித் திரைப்படம், தங்கக் குதிரை விருது, திரைப்பட விழா, மொழித் தகுதி, மலேசியத் தமிழ்த் திரைப்படம், புலம்பெயர் திரைப்படம்

விழாவும் அதை நடத்துவோரும்

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளுள் ஒன்று விழாக் கலையின் நிருவாகம் பற்றியது. வீரபாண்டியன் தலைகொண்ட பரகேசரி எனப்படும் இரண்டாம் ஆதித்தனின் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்ததாக, அதாவது 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாக, அது கொள்ளப்படுகிறது. திரைமூர்ச் சபையோரும் திருவிடைமருதில் நகரத்தாரும் கோயிலின் நாடகசாலையில் கூடினர். ஆரியக்கூத்தின் ஏழு அங்கங்களை ஆடுவதற்கெனச் சாக்கைக் கூத்தர் ஒருவருக்கு நிலம் அளித்தனர். தைப்பூசமும் வைகாசித் திருவாதிரையும் ஆடலுக்குரிய நாள்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. இத்தலத்தின் பூச நீராட்டு தேவாரத்திலேயே இடம்பெறுவது, இன்றளவும் தொடர்வது.

கலை வரலாற்றாய்வில் இக்கல்வெட்டு பெரும்பாலும் நாடகசாலை என்னும் சொல்லுக்காகவே எடுத்துக்காட்டப்படுகிறது. விழா என்னும் நிறுவனத்தை ஆராய்வோர்க்கு அதில் வேறு செய்திகளும் உள்ளன. எது ஆடப்பட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் அவை ஒன்று உண்டு. அதற்கான பொருளை வழங்குவோர் உண்டு; அவர்களுள் வணிகக் குழுவினரான நகரத்தாரும் அடங்குவர். ஆடப்படும் கலைக்கு ஒரு பெயரும் உண்டு. அப்பெயரில் ‘ஆரிய’ என்னும் அடை நிற்கிறது. ஆடியவர் தமிழகத்துச் சாக்கையர். பார்த்தவர் காவிரிக்கரை மக்கள். ஆடுவோர், காண்போர் ஆகிய இரு திறத்தாரையும் சுட்டாத ஓர் அடைமொழி அக்கலையின் பெயராக ஏற்கப்பட்டிருந்தது. விழாவொன்றின் பெயரில் நிற்கும் மொழி அல்லது இனப் பெயர், அவ்விழாவில் உண்மையில் நிகழ்வதை எவ்வளவு தூரம் விளக்கும் என்னும் வினா இங்கேயே எழுந்துவிடுகிறது. சீனமொழித் திரைப்பட விழாவை நோக்கியும் இதே வினாவை எழுப்பலாம்.

சீனம் என்றதும் 1015இல் சென்ற சோழர் தூதையும் நாகப்பட்டினத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை நின்ற சீனக் கோபுரத்தையும் நினைவுகூர்ந்து பெருமிதம் கொள்வது தமிழ் ஆய்வுரைகளில் வழக்கமாகிவிட்டது. இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு அப்பெருமிதம் உதவாது. இரு பண்பாடுகளும் 20ஆம் நூற்றாண்டில் எதிர்கொண்ட ஒரே சிக்கலே இங்கு ஒப்பீட்டுக்கு அடிப்படை: ஒரு மொழி பல நாடுகளில் பேசப்படும்போது, அம்மொழியின் திரைப்படம் எந்த நாட்டுக்கு உரியது?

குவோயூவும் ஹுவாயூவும்

தங்கக் குதிரை என்னும் பெயர் போர்முனையிலிருந்து வந்தது. சீனப் பெருநிலக் கரையை ஒட்டியிருந்தும் தைவான் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த ஜின்மென், மாட்சு ஆகிய இரு தீவுகளின் பெயர்களிலுள்ள முதல் எழுத்துகள் ‘தங்கம்’, ‘குதிரை’ எனப் பொருள்படும். பனிப்போர்க் காலத்தில் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளான தீவுகள் அவை. 1962இல் தொடங்கப்பட்டபோது இவ்விருதின் நோக்கமும் வெளிப்படையாக அரசியல் சார்ந்ததே. தைவான் அரசின் செய்தித்துறை அதை நடத்தியது. ‘குவோயூ’ எனப்படும் நாட்டுமொழியாகிய மாண்டரினில் அமைந்த படங்களுக்கே பரிசு. முதல் விழாவில் ‘சூரியன், சந்திரன், விண்மீன்’ என்னும் பொருளுடைய ஹாங்காங் படம் சிறந்த படமாகத் தேர்வுற்றது. 1963இல் லீ ஹான்-சியாங் இயக்கிய ‘லியாங் ஷான்போவும் ஜு யிங்தாயும்’ அவ்விடத்தைப் பெற்றது. தாமே உண்மையான சீனம் என்று உரிமை கோரிய ஓர் அரசு, ஹாங்காங்கின் மாண்டரின் திரைப்படத் தொழிலைத் தன் பக்கம் ஈர்க்கக் கண்ட வழி இது.

அக்காலத் தைவானில் பெரும்பாலான மக்கள் பேசியது மாண்டரின் அன்று; ஹொக்கியன் மரபில் வந்த தைவானிய மொழி. அம்மொழியில் 1956இல் ‘ஷ்யே பிங்-குய்யும் வாங் பாவ்-சுவானும்’ வெளிவந்து வெற்றிபெற்றது. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 25 ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. 1957இல் ஒரு நாளிதழ் அப்படங்களுக்கெனத் தனி விழாவே நடத்தியது. ஆயினும் அரசின் குதிரை அவற்றின் பக்கம் திரும்பவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அப்படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை 200க்குச் சற்று அதிகமே. படச்சுருள்கள் அழிந்ததற்கு விருதின்மை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. எனினும், எது பாதுகாக்கத்தக்கது என்னும் மதிப்பீட்டை உருவாக்குவதில் விருதுகளுக்குப் பங்குண்டு. அம்மதிப்பீட்டிலிருந்து ஒரு மொழி முழுமையாக விலக்கப்பட்டிருந்தது.

ஒரு சொல்லாட்சி பற்றி இங்குக் குறிப்பிட வேண்டும். ஹொக்கியன், கான்டனீஸ் முதலியவற்றைச் சீனத்தின் ‘வட்டார வழக்குகள்’ எனத் தமிழில் எழுதுவது பெருவழக்கு. பேச்சளவில் ஒன்றுக்கொன்று விளங்காத இவற்றை, நெல்லை வழக்கு, தஞ்சை வழக்கு என்பனபோல் கருதுவது பிழை. பொது எழுத்து முறையும் அரசியல் ஒருமையுமே அவற்றை ஒரே மொழி எனக் காட்டுகின்றன. இவ்வேறுபாட்டை உணராதவர்க்குத் தங்கக் குதிரையின் வரலாற்றில் நிகழ்ந்த மாற்றம் வெறும் விதித் திருத்தமாகவே தோன்றும்.

1990ஆம் ஆண்டையொட்டி விழாவின் பொறுப்பு அரசிடமிருந்து திரைத்துறை சார்ந்த அறக்கட்டளையிடம் சென்றது. 1996இல் சீனப் பெருநிலப் படங்களும் போட்டியில் சேர்க்கப்பட்டன. அவ்வாண்டே ஜியாங் வென் இயக்கிய ‘கதிரொளி மிகுந்த நாள்கள்’ சிறந்த படமாயிற்று. இதே காலப்பகுதியில் தைவான், ஹாங்காங் ஆய்வாளர்களிடையே ‘ஹுவாயூ தியென்யிங்’, அதாவது ‘சீனமொழித் திரைப்படம்’, என்னும் கலைச்சொல் நிலைபெற்றது. ‘சீனத் திரைப்படம்’ என்பது ஒரு நாட்டைச் சுட்டும். ‘சீனமொழித் திரைப்படம்’ என்பது நாடுகளைக் கடந்து செல்லும். ஷெல்டன் லூ, எமிலி யே ஆகியோர் 2005இல் தொகுத்த நூல் இக்கலைச்சொல்லை ஆய்வுலகில் பரவச் செய்தது. 2007இல் ஷூ-மெய் ஷீ இன்னும் ஒருபடி சென்று, சீனப் பெருநிலத்துக்கு வெளியேயும் அதன் விளிம்புகளிலும் சீன மொழிகளில் உருவாகும் பண்பாட்டை, மையத்தின் கிளையாகக் கருதாமல் அதனதன் மண்ணுக்கு உரியதாகக் காண வேண்டும் என வாதிட்டார். புலம்பெயர் தமிழிலக்கியம் குறித்து நிகழும் விவாதங்களை அறிந்தோர்க்கு இவ்வாதத்தின் எடை விளங்கும்.

இன்றைய விதிகள் இரு வாயில்களைத் திறந்து வைத்துள்ளன. ஒன்று, படத்தின் பேச்சு சீன மொழிகளில் அமைதல். மற்றொன்று, இயக்குநரும் முதன்மைக் கலைஞர்களில் பெரும்பகுதியினரும் சீன வம்சாவளியினராக இருத்தல். முதல் வாயில் மொழி. இரண்டாம் வாயில் குருதி. இவ்விரண்டையும் ஒரே தன்மையினவாகக் கருத இயலாது.

பேசாத தலைவன்

விழாவின் பெயரை அதன் படங்களே எவ்வாறு சோதிக்கின்றன என்பதற்கு ஹௌ சியாவ்-சியெனின் ‘துயர நகரம்’ (1989) முதன்மையான சான்று. 1947 பிப்ரவரி 28இல் தொடங்கிய அரச வன்முறையைத் தைவானியத் திரையில் எதிர்கொண்ட முதல் பெரும்படம் இது; இராணுவச் சட்டம் 1987இல் நீங்கிய பின்னரே இது சாத்தியமாயிற்று. தைவானியம், ஜப்பானியம், மாண்டரின், கான்டனீஸ், ஷாங்காய் மொழி ஆகிய ஐந்தும் இப்படத்தில் ஒலிக்கின்றன. வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற இப்படத்துக்குத் தங்கக் குதிரையில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. சிறந்த படத்துக்கான விருதோ ஸ்டான்லி குவானின் ‘நியூயார்க்கில் மனிதர்கள்’ படத்துக்குச் சென்றது.

படத்தின் மையப் பாத்திரமான வென்-சிங் காது கேளாத, வாய் பேசாத ஒளிப்படக் கலைஞன். அப்பாத்திரத்தை ஏற்ற ஹாங்காங் நடிகர் டோனி லியுங்குக்குத் தைவானிய மொழி தெரியாமையே அவனைப் பேசாதவனாக அமைத்ததற்கு ஒரு காரணம் எனப் பரவலாகப் பதிவாகியுள்ளது. தயாரிப்பு நெருக்கடியில் பிறந்த இத்தீர்வு படத்தின் பொருளாகவே மாறிவிட்டது. வென்-சிங்கும் ஹினோமியும் தாளில் எழுதி உரையாடுகின்றனர். எழுதப்பட்டவை மௌனப்படக் காலத்தைப்போல எழுத்தட்டைகளாகத் திரையில் தோன்றுகின்றன. ஐந்து மொழிகள் மோதும் படத்தில், யாரும் உச்சரிக்காத எழுத்தே அன்பின் மொழியாகிறது. பொது எழுத்து முறையே பல சீன மொழிகளை இணைக்கிறது என்னும் மொழியியல் உண்மை இங்கே காதற் காட்சியாக உருவம் பெறுகிறது.

அதே எழுத்து வென்-சிங்கைக் காப்பாற்ற உதவாத காட்சியும் உண்டு. தொடர்வண்டியில் ஆயுதம் ஏந்திய தைவானியர் சிலர் பெருநிலத்தாரைத் தேடுகின்றனர். வென்-சிங்கிடம் அவர்கள் தைவானிய மொழியில் வினவுகின்றனர். தான் தைவானியன் என்பதை அவன் சிதைந்த குரலில் முயன்று சொல்கிறான். உச்சரிப்பு பிறழ்ந்திருப்பதால் ஐயுற்றவர்கள் ஜப்பானிய மொழியில் வினவுகின்றனர். அவனால் கேட்கவும் இயலவில்லை. நண்பன் வந்து தடுத்திராவிடின் அவன் உயிர் தப்பியிருக்க மாட்டான். ஒடுக்கப்பட்டோரின் மொழியும் நொடிப்பொழுதில் சோதனைக் கருவியாகிவிடும் என்பதை ஹௌ எந்த விளக்கமும் இன்றிக் காட்டுகிறார். 1958, 1983 வன்முறைகளின்போது இலங்கையில் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை இனங்காண முயன்ற நிகழ்வுகளை அறிந்த தமிழ்ப் பார்வையாளர் இக்காட்சியை அயல்நாட்டுக் காட்சியாகக் காண இயலாது.

இதற்கு 34 ஆண்டுகளுக்குப் பின், 2023ஆம் ஆண்டின் 60ஆவது விழாவில், சிறந்த நடிகர் விருது ஒரு பேசாத பாத்திரத்தை நாடிச் சென்றது. ஜின் ஓங் இயக்கிய ‘அபாங் அடிக்’ மலேசியப் படம். தலைப்பு ‘அண்ணன் தம்பி’ எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களால் ஆனது. கோலாலம்பூரின் புடு பகுதியில் அடையாள ஆவணமின்றி வாழும் இருவரின் கதை இது. காது கேளாத அண்ணனாகத் தைவான் நடிகர் வூ காங்-ரென் நடித்துள்ளார். சிறையில் துறவி ஒருவரிடம் அவர் சைகை மொழியிலேயே தம் வாழ்வைக் கொட்டித் தீர்க்கும் நீண்ட காட்சி படத்தின் உச்சம். சீனமொழித் திரைப்படத்துக்கான விழாவில் முதன்மை நடிப்பு விருதைப் பெற்ற அப்பாத்திரம் ஒரு சீனச் சொல்லையும் உச்சரிக்கவில்லை.

இதைத் தற்செயல் எனத் தள்ளிவிடலாம். ஆயினும் இரு படங்களிலும் வேற்று நாட்டு நடிகரின் உச்சரிப்பு என்னும் சிக்கல் எழாமற் போவது நோக்கத்தக்கது. பல நாடுகளின் நடிகர்களும் முதலீடும் சேர்ந்து உருவாகும் சீனமொழித் திரையில் உச்சரிப்பே குடியுரிமைச் சீட்டு. பேசாத பாத்திரம் அச்சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. ‘அபாங் அடிக்’ படத்தில் இது இன்னும் கூர்மை பெறுகிறது: கதையில் அடையாள அட்டை இல்லாதவனுக்குத் திரையில் உச்சரிப்பும் இல்லை. ஆயினும் சிறைக் காட்சியின் இசையும் நீளமும் பார்வையாளரின் கண்ணீரை முன்கூட்டியே கணக்கிட்டுச் செய்தவைபோல் அமைந்துவிடுகின்றன. ஹௌவிடம் இருந்த தொலைவும் நிதானமும் இங்கு இல்லை.

2013இல் சிறந்த படமாகத் தேர்வுற்ற ஆண்டனி சென்னின் ‘இலோ இலோ’வும் இவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்கது. வோங் கார்-வாய், ஜியா ஜாங்கே, சாய் மிங்-லியாங், ஜானி டோ ஆகியோரின் படங்களைப் பின்தள்ளி வென்ற இச்சிங்கப்பூர்ப் படத்தின் தலைப்பு பிலிப்பைன்ஸ் மாகாணம் ஒன்றின் பெயர். 1997 பொருளாதார நெருக்கடியின்போது ஒரு சீனக் குடும்பத்துக்குப் பணிப்பெண்ணாக வரும் தெரேசாவும் அவ்வீட்டுச் சிறுவனும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கின்றனர். தாய்மொழி தாயிடம் இருக்க, பரிவு அயல்மொழியில் நிகழ்கிறது.

ஒரு மேடை, இரு சொற்கள்

2018 நவம்பர் 17 அன்று நடைபெற்ற 55ஆவது விழாவில், 2014 சூரியகாந்தி மாணவர் இயக்கத்தைச் சார்ந்த ‘தைவானில் நம் இளமை’ சிறந்த ஆவணப்படமாயிற்று. இயக்குநர் ஃபூ யூ, மலேசியச் சீனத் தந்தைக்கும் இந்தோனேசியச் சீனத் தாய்க்கும் தைபேயில் பிறந்தவர். தைவான் ஒரு தனித்த இருப்பாக மதிக்கப்பட வேண்டும் என்னும் விருப்பத்தை அவர் மேடையில் கண்ணீருடன் வெளியிட்டார். பின்னர் விருது வழங்க வந்த பெருநில நடிகர் ஒருவர் ‘சீனத் தைவான்’ என்னும் தொடரைப் பயன்படுத்தினார். நடுவர் குழுத் தலைவரான கோங் லீ, சிறந்த படத்துக்கான விருதை வழங்க மேடையேறவில்லை. விழாக் குழுத் தலைவர் ஆங் லீ தனியே வழங்கினார். அவ்விருதைப் பெற்றது ஹூ போவின் ‘அசையாது அமர்ந்திருக்கும் யானை’. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் அப்பெருநிலப் படத்தின் இயக்குநர் 2017இலேயே காலமாகிவிட்டார். அரசியல் சர்ச்சையின் இரைச்சலில் அன்றைய முடிவின் கலைப்பெறுமானம் போதிய கவனம் பெறவில்லை.

2019 ஆகஸ்ட் 7 அன்று, பெருநிலப் படங்களும் கலைஞர்களும் அவ்வாண்டு விழாவில் பங்கேற்பதை நிறுத்திவைப்பதாகச் சீனத் திரைத்துறை நிருவாகம் அறிவித்தது. அவ்வாண்டு தங்கக் குதிரை விழா நடைபெற்ற நவம்பர் 23 அன்றே சீனாவின் தங்கச் சேவல் விருது விழாவும் சியாமென் நகரில் நடத்தப்பட்டது. சியாமென் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தீவு ஜின்மென். தங்கக் குதிரையின் பெயரிலுள்ள ‘தங்கம்’ அத்தீவே. 1962இன் போர்முனை விருது மேடைகளின் வடிவில் மீண்டது எனலாம்.

இவ்விலகலால் தங்கக் குதிரைக்கு இழப்பே இல்லை என வாதிடுவோர் உளர். அது ஏற்கத்தக்கதன்று, பெருநிலச் சந்தையைச் சார்ந்த ஹாங்காங் கலைஞர்களும் பின்வாங்கியதால் போட்டியின் பரப்பு சுருங்கியது. அதே வேளையில் வேறு இடத்தில் இடம் கிட்டாத படங்களுக்கு இவ்விழா புகலிடமாயிற்று. ஹாங்காங் போராட்டத்தைப் பதிவுசெய்த ‘நம் காலத்தின் புரட்சி’ 2021இல் சிறந்த ஆவணப்பட விருதைப் பெற்றது. ஹுவாங் ஜி, ஒட்சுகா ரியூஜி இணையரின் ‘கல் வாயில்’ 2023இலும், லோ யேயின் ‘முற்றுப்பெறாத ஒரு படம்’ 2024இலும் சிறந்த படங்களாயின. இவ்விரண்டும் பெருநில வாழ்வைப் பேசும் படங்கள். பெய்ஜிங் விலகிய பின்னும் பெருநிலம் விலகவில்லை. நாட்டின் பெயரால் அமைந்த விழாவுக்கு இது இயலாது. மொழியின் பெயரால் அமைந்ததாலேயே இயன்றது.

விழுக்காட்டுக் கணக்கு

மொழியை எல்லையாகக் கொள்வது எப்போதும் இவ்வாறு வாயில் திறப்பதில்லை. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவின் பரிந்துரைகள் வெளியானபோது, சஞ்சய் குமார் பெருமாளின் தமிழ்ப்படமான ‘ஜகாட்’ (2015), பன்மொழிப் படமான ‘ஓலா போலா’ ஆகியவை தேசியமொழி அல்லாத படங்களுக்குரிய பிரிவில் ஒதுக்கப்பட்டிருந்தன. சிறந்த படத்துக்கான போட்டியில் இடம்பெற உரையாடலில் 70 விழுக்காடு மலாயில் அமைய வேண்டும் என்பது விதி. மலாய்க் கலைஞர்கள் உள்ளிட்ட திரைத்துறையினர் இதை எதிர்த்தனர். விதி தளர்த்தப்பட்டுச் சிறந்த மலேசியப் படத்துக்கான போட்டி எல்லா மொழிகளுக்கும் திறக்கப்பட்டது. அவ்விருதை ‘ஜகாட்’ வென்றது.

இப்படத்தின் தலைப்பே விழுக்காட்டுக் கணக்கைக் கேலிசெய்கிறது. ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல் ‘தீயவன்’ எனப் பொருள்படும். தோட்டப்புறத் தமிழர் நாவில் ‘ஹ’கரம் ‘க’கரமாகி அது ‘ஜகாட்’ ஆயிற்று. இச்சொல் மலாயா, தமிழா? 1990களின் தொடக்கத்தில் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கிய தமிழ்க் குடும்பம் ஒன்றில், 12 வயது அப்போய் வன்முறையை நோக்கி நகர்வதே கதை. அவன் பேச்சில் தமிழும் மலாயும் பிரிக்கவியலாதவாறு கலந்திருக்கின்றன. விழுக்காடு கணக்கிடுவோர் அவனுடைய ஒரே வாக்கியத்தை இரு பிரிவுகளாக வெட்டியாக வேண்டும்.

ஒப்புநோக்கத்தக்க மற்றொரு நிகழ்வு 2020இல் நேர்ந்தது. ஷியாம் செல்வதுரையின் புதினத்தைத் தழுவித் தீபா மேத்தா இயக்கிய ‘ஃபன்னி பாய்’, கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றின் கதை. கனடாவின் சார்பில் ஆஸ்கரின் பன்னாட்டுப் படப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட இப்படம், உரையாடலில் ஆங்கிலம் பாதிக்கு மேல் இருந்ததால் ஏற்கப்படவில்லை. அதே படத்தில் ஒலித்த தமிழ் ஈழத்தமிழரின் தமிழாக இல்லை எனக் கனடாத் தமிழர்கள் கண்டனம் எழுப்ப, சில உரையாடல்கள் மீண்டும் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அகாதெமி அளந்தது மொழியின் அளவை. தமிழர்கள் கேட்டது மொழியின் உண்மையை. விதிகளால் முதலாவதை அளக்க முடியும். இரண்டாவதை அளக்கும் கருவி திறனாய்விடமே உண்டு.

எது தமிழ்த் திரைப்படம்?

தமிழின் முதல் பேசும் படமாகப் பாடநூல்கள் அனைத்தும் குறிப்பது ‘காளிதாஸ்’ (1931). பம்பாயில் அர்தேஷிர் இரானி தயாரித்து எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழிலும் நாயகர் தெலுங்கிலும் பேசினர். மலேசிய விழாவின் 70 விழுக்காட்டு விதியைத் தமிழுக்குப் பொருத்தினால் தமிழ்ப் பேசும் பட வரலாற்றின் முதல் பக்கமே நீக்கப்பட வேண்டியதாகும். அவ்வாறு யாரும் கோரவில்லை, கோரவும் வேண்டியதில்லை. ஆனால் ‘காளிதாஸ்’ படத்துக்கு வழங்கப்படும் இத்தாராளம் பிற்காலத்தில் வேற்று நிலங்களில் பிறந்த தமிழ்ப் படங்களுக்கு ஏன் கிட்டவில்லை என்பது கேட்கப்பட வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சாதியொழுக்கத்தைக் கூர்மையாகக் காட்டும் ‘பொன்மணி’யை இயக்கியவர் சிங்களரான தர்மசேன பத்திராஜா. 2008இல் கான் விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்ற சிங்கப்பூர்த் தமிழ்ப்படம் ‘மை மேஜிக்’. இயக்குநர் எரிக் கூ சீன வம்சாவளியினர். 2015இல் அதே விழாவின் தங்கப்பனை விருதை வென்ற ‘தீபன்’ பெரும்பாலும் தமிழில் பேசும் படம். முதன்மைப் பாத்திரம் ஏற்றவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. இயக்குநர் பிரெஞ்சுக்காரரான ழாக் ஓதியார். இம்மூன்றும் தங்கக் குதிரையின் முதல் வாயிலான மொழி வழியே தமிழுக்குள் வரத்தக்கவை. இரண்டாம் வாயிலான வம்சாவளி வழியே வர இயலாதவை. வம்சாவளி விதி, தாய்லாந்திலோ மியன்மாரிலோ பிறமொழியில் படமெடுக்கும் சீனருக்கு இடமளிப்பதற்காக அமைந்தது. அதன் நல்லெண்ணத்தை மறுக்க இயலாது. எனினும், யார் தமிழர் என்னும் வினா சாதியாலும் மாநில அரசியலாலும் நஞ்சேறிக் கிடக்கும் சூழலில், அத்தகைய விதியைத் தமிழ் விழாக்களோ தமிழாய்வோ கைக்கொள்வது கேடு பயக்கும். மொழியின் எல்லையில் துளைகள் உண்டு. அத்துளைகள் வழியாகவே பத்திராஜாவும் எரிக் கூவும் உள்ளே வர முடிகிறது.

இத்தகைய படங்களைக் காண வாய்ப்பளிக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2010 முதல் ஓஸ்லோவில் நடைபெறும் நார்வே தமிழ்த் திரைப்பட விழா அவற்றுள் ஒன்று. குறை விழாக்களிடம் மட்டும் இல்லை. தமிழகப் பல்கலைக்கழகங்களில் ‘தமிழ்த் திரைப்படம்’ என்னும் தலைப்புடன் எழுதப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை சென்னையின் வணிகத் திரைப்படத்தையே ஆராய்கின்றன. ஈழத்தமிழ் அங்கு ‘தெனாலி’ (2000) வழியாக நகைச்சுவை உச்சரிப்பாக வருகிறது. மலேசியத் தமிழ் வருவதேயில்லை. 1962ஆம் ஆண்டின் குவோயூ விதிக்கு அரசாணை தேவைப்பட்டது. இங்கோ அத்தகைய விதி எதுவும் எழுதப்படாமலேயே செயற்படுகிறது.

சிங்கப்பூர்த் தமிழரான கே. ராஜகோபால் இயக்கி, 2016இல் கான் விழாவின் திறனாய்வாளர் வாரத்தில் திரையிடப்பட்ட ‘எ யெல்லோ பேர்ட்’ இவ்வகைமைச் சிக்கலின் முனையில் நிற்கிறது. சிறையிலிருந்து மீண்ட தமிழன் சிவாவும், பெருநிலச் சீனாவிலிருந்து வந்து உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணும் பொதுமொழி ஏதுமின்றி ஒருவரையொருவர் சார்ந்திருக்கின்றனர். தமிழ், மாண்டரின், ஆங்கிலம் மூன்றும் படத்தில் உண்டு. எதுவும் அவ்விருவருக்கும் முழுமையாக உதவுவதில்லை. தமிழை அரசு மொழிகளுள் ஒன்றாகக் கொண்டதும், 1979 முதல் ‘மாண்டரின் பேசுங்கள்’ இயக்கத்தின் வழியே ஹொக்கியனையும் கான்டனீஸையும் பொதுவெளியிலிருந்து ஒதுக்கியதும் ஒரே நாடு. அந்நாட்டில் எடுக்கப்பட்ட இப்படத்தைத் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் சேர்ப்பதா, சீனமொழித் திரைப்பட வரலாற்றின் அருகில் வைப்பதா, இரண்டிலும் வைப்பதா என்பதை எந்த விழுக்காட்டுக் கணக்காலும் தீர்க்க இயலாது. இதுபோன்ற படங்களைத் தன் பொருளாகக் கொள்ளும் ஆய்வு, முதல் இயலில் ‘தமிழ்த் திரைப்படம்’ என்பதற்கு எல்லை வகுத்துக் காட்ட நேரும். அவற்றை எடுத்துக்கொள்ளாத ஆய்வு, தன் தலைப்பில் கோடம்பாக்கம் என்றே குறிப்பிடுவது பொருந்தும்.